மறைவான படமும் மறைவான அளவும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஆதரவாளர்களே,

உங்கள் காணிக்கைகள் எவ்விதமாய்ப் பயன்படுகின்றன என்று அறிவது உங்கள் உரிமை. அறிந்து நீங்கள் ஜெபிக்கும்போது எங்கள் கரங்கள் பலப்படுகின்றன. ஆகவே இம்முறை எக்ஸ்ரே அறையில் உள்ள கம்ப்யூட்டர் எக்ஸ்ரே, அதாவது சி.ஆர். எனப்படும் முறையைப் பற்றிப் பாடமாக எழுதுகிறோம்.

மருத்துவமனையைப் பார்க்க வருகிறவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "டிஜிட்டல் எக்ஸ்ரே வந்துவிட்டதே, இனிமேல் நோயாளிக்குக் கதிர் குறைவுதானே?" இதற்கு ஒரே வார்த்தையில் "ஆம்" என்று சொல்ல இயலாது. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, இந்தக் கருவி படத்தை எப்படிப் பிடிக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.

1. ஃபிலிம் காலம்

1895-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி, ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அடுத்த மாதம் 22-ந் தேதி தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆனாலும் தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. உலகெங்கும் மருத்துவர்கள் அதைத் தடையின்றிப் பயன்படுத்தினார்கள்.

உடலுக்குள் செல்லும் கதிரில் ஒரு பகுதியை எலும்பு தடுத்துக்கொள்கிறது. காற்று நிறைந்த நுரையீரல் பெரும்பகுதியை விட்டுவிடுகிறது. தடுக்கப்படாமல் மறுபுறம் வந்து சேரும் கதிரே படத்தை உண்டாக்குகிறது. நெடுங்காலம் அந்தப் படம் வெள்ளி உப்பு பூசிய ஃபிலிமில் பதிந்தது. டெக்னீஷியன் கேசட்டை இருட்டறைக்குக் கொண்டுபோய், மங்கலான சிவப்பு விளக்கில் ஃபிலிமை எடுத்து, டெவலப்பரிலும் ஃபிக்ஸரிலும் நனைத்து, தண்ணீரில் அலசி, உலர்த்திய பிறகே மருத்துவர் கைக்கு வரும். கோடையில் மருந்துத் தொட்டி சூடேறினால் படம் கெடும். படம் சரியில்லை என்றால் வெளியே பெஞ்சில் காத்திருக்கும் நோயாளியை மறுபடியும் கூப்பிடவேண்டும்.

இந்த ஃபிலிமிடம் நல்ல குணம் ஒன்று இருந்தது. கதிர் அதிகமானால் படம் கறுத்துப்போகும், குறைந்தால் வெளுத்துப்போகும். தவறு எதுவானாலும் ஃபிலிமே அதைக் காட்டிக்கொடுத்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2. பிளேட்டில் படம் எங்கே இருக்கிறது?

சி.ஆர். முறையிலும் கேசட் உண்டு. பார்வைக்குப் பழைய கேசட்டைப் போலவே இருக்கும். பழைய எக்ஸ்ரே இயந்திரத்தை மாற்றாமல் அதே மேஜையின்மேல் வைத்துப் படம் எடுக்கலாம் என்பதால்தான் சிறிய மருத்துவமனைகளுக்கு இது ஏற்றதாயிற்று. ஆனால் உள்ளே ஃபிலிம் இல்லை. ஒரு பிளேட் இருக்கிறது. பேரியம், புளோரின், புரோமின் ஆகியவை சேர்ந்த படிகத் தூளில் யூரோப்பியம் என்னும் உலோகத்தைச் சிறிதளவு கலந்து அதன்மேல் பூசியிருக்கிறார்கள். இவ்விதப் பொருளில் படத்தைச் சேமித்து வைத்துப் பின்பு வாசிக்கும் முறைக்குக் கோடாக் நிறுவனத்தின் ஜார்ஜ் லக்கி 1975-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் 1983-ல் இம்முறையிலான முதல் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மழை பெய்து ஓய்ந்த நிலத்தை எண்ணிப்பாருங்கள். திறந்த வெளியில் பள்ளமெல்லாம் தண்ணீர் நிற்கும். மரத்தடியில் குறைவாய் நிற்கும். கூரையின் கீழ் தரை காய்ந்திருக்கும். மழை விட்ட பின்பும், எங்கே எவ்வளவு பெய்தது என்பதை நிலம் சொல்லும். பிளேட்டில் நடப்பதும் அதுவே. எக்ஸ் கதிர் படும்போது படிகத்தில் உள்ள எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. அவற்றில் ஒரு பகுதி உடனே தன் இடத்திற்குத் திரும்பிவிடும். மறுபகுதி படிகத்தின் நுண்ணிய பள்ளங்களில் சிக்கி நிற்கும். நுரையீரலுக்குப் பின்னால் கதிர் அதிகம் வந்ததால் அங்கே மிகுதியாகவும், எலும்புக்குப் பின்னால் குறைவாகவும் சிக்கியிருக்கும்.

இப்பொழுது பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தகடு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் படம் முழுவதும் அதிலே இருக்கிறது. தேங்கிய தண்ணீர் வெயிலில் வற்றுவதுபோல இந்தப் படமும் நேரம் செல்லச் செல்ல மங்கும். சில மணி நேரத்திலேயே கணிசமான பங்கு போய்விடும். ஆகவே படம் எடுத்தவுடன் பிளேட்டை வாசித்துவிடவேண்டும்.

3. ஒளி தொட்டு ஒளி எழும்புகிறது

வாசிப்பதற்கு ரீடர் என்னும் கருவி இருக்கிறது. கேசட்டை அதன் வாயில் செருகினால் பிளேட்டைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். மெல்லிய சிவப்பு லேசர் கதிர் பிளேட்டின் குறுக்கே வரிவரியாய் ஓடும். லேசர் தொட்ட இடத்தில் சிக்கியிருந்த எலக்ட்ரான்கள் விடுதலையாகித் தங்கள் இடத்திற்குத் திரும்புகின்றன. திரும்பும்போது சேர்த்து வைத்திருந்த சக்தியை நீல ஒளியாக வெளியிடுகின்றன. உள்ளே போவது சிவப்பு, வெளியே வருவது நீலம். ஆதலால் சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை வைத்து நீல ஒளியை மட்டும் பிரித்து எடுக்க முடிகிறது. அந்த மங்கலான ஒளியை ஃபோட்டோ மல்டிபிளையர் என்னும் குழாய் பல மடங்கு பெருக்கி மின்சாரமாக்குகிறது. அந்த மின்சாரத்தை அளந்து கணினி எண்ணாக எழுதிக்கொள்கிறது.

மார்புப் படத்திற்கான பிளேட் 35 செ.மீ. அகலமும் 43 செ.மீ. நீளமும் உள்ளது. ஒவ்வொரு புள்ளியும் 0.2 மி.மீ. என்று கொண்டால் குறுக்கே 1,750 புள்ளிகள், நெடுக 2,150 வரிகள்; மொத்தம் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 1,024 அல்லது 4,096 படிகளில் ஓர் எண் கொடுக்கப்படுகிறது. வாசித்து முடிந்ததும் பலத்த வெள்ளை விளக்கு எரிந்து, பிளேட்டில் மிச்சமிருப்பதை அழித்துவிடும். அதே பிளேட் அடுத்த நோயாளிக்குத் தயாராகிவிடும். பயன்படாமல் நெடுநேரம் கிடந்த பிளேட்டையும் அழித்த பிறகே பயன்படுத்தவேண்டும். நம்மைச் சுற்றி இயற்கையாகவே உள்ள கதிர்வீச்சு அதிலே சிறிது சிறிதாய்ப் பதிந்திருக்கும்.

4. கணினி செய்வதும் செய்யாததும்

எண்களாக வந்த படத்தை அப்படியே திரையில் போட்டால் சாம்பல் நிறமாய் மங்கித் தெரியும். எந்தப் பகுதியில் உடல் இருக்கிறது, எங்கே வெறும் கதிர் விழுந்தது என்று கணினி முதலில் கணக்கிடுகிறது. பிறகு டெக்னீஷியன் "மார்பு" என்றோ "முழங்கால்" என்றோ குறித்திருப்பதற்கு ஏற்ப, கறுப்பையும் வெள்ளையையும் சீராக்கி, ஓரங்களைக் கூர்மையாக்குகிறது. மருத்துவர் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். கடினமான படமானால் தூரத்தில் இருக்கும் நிபுணருக்கு அனுப்பி ஆலோசனை கேட்கலாம். நிபுணர் இல்லாத ஊர்களில் இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நாங்கள் சொல்லவேண்டியதில்லை.

ஆனாலும் இதற்கு ஓர் எல்லை உண்டு. பிளேட்டில் பதியாததைக் கணினியால் உண்டாக்க முடியாது. கூர்மையை அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால், எலும்பில் வைத்த கம்பியைச் சுற்றிக் கறுப்பு வளையம் தோன்றும். கம்பி தளர்ந்துவிட்டதோ என்று மருத்துவர் ஐயப்படக்கூடும். பிளேட்டில் தூசி இருந்தால் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். இவற்றைப் பிரித்தறியப் பழகிய கண் வேண்டும்.

5. படம் சொல்லாத உண்மை

இப்பொழுது முதல் கேள்விக்கு வருவோம். ஃபிலிம் ஏற்றுக்கொள்ளும் கதிரின் எல்லை மிகக் குறுகியது. சி.ஆர். பிளேட்டோ மிகக் குறைந்த அளவுக்கும் மிக அதிக அளவுக்கும் இடையே ஏறத்தாழ 10,000 மடங்கு வித்தியாசத்தைத் தாங்கும். கதிர் கூடினாலும் குறைந்தாலும் கணினி படத்தைச் சரிசெய்து கொடுத்துவிடும். இதனால் படத்தை மறுபடி எடுக்கவேண்டிய அவசியம் வெகுவாய்க் குறைகிறது. இது உண்மையான நன்மை.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. கதிர் குறைந்தால் படத்தில் மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாய்த் தெரியும். மருத்துவர் குறை சொல்வார். கதிர் அதிகமானாலோ படம் இன்னும் மழமழவென்று அழகாய் வரும். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆகவே நல்ல படம் தரவேண்டும் என்று விரும்பும் டெக்னீஷியனின் கை, தீய எண்ணம் ஒன்றுமில்லாமலே, மாதங்கள் செல்லச் செல்ல அளவைச் சிறிது சிறிதாய் ஏற்றிவிடும். பல நாடுகளில் இப்படி நடந்ததைக் கண்டுதான் சர்வதேசக் கதிரியல் பாதுகாப்புக் குழு 2004-ல் டிஜிட்டல் எக்ஸ்ரேக்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டது. மேலும், வேகமான ஃபிலிமுக்குப் போதுமாயிருந்த கதிர் சாதாரண சி.ஆர். பிளேட்டுக்குப் போதாமலும் போகலாம். எனவே கருவி புதியது என்பதாலேயே கதிர் குறைந்துவிடுவதில்லை.

இதைக் கேட்டு யாரும் எக்ஸ்ரேக்குப் பயப்படவேண்டாம். நேராக நின்று எடுக்கும் ஒரு மார்புப் படத்தில் கிடைக்கும் கதிர், இயற்கையிலிருந்து நாம் அனைவரும் சுமார் 3 நாட்களில் பெறும் அளவே. காசநோயையும் நிமோனியாவையும் காட்டித்தரும் படத்தை வேண்டாம் என்பது அறிவுடைமை அல்ல. ஆனால் முதுகெலும்புப் படத்தில் அளவு பல மடங்கு கூடும். குழந்தைகளின் வளரும் உடல் கதிருக்கு எளிதில் பாதிக்கப்படும். தேவையானதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம் என்பதே ஒழுங்கு.

படம் சொல்லாததைச் சொல்ல ஓர் எண் இருக்கிறது. பிளேட்டில் எவ்வளவு கதிர் விழுந்தது என்பதை ஒவ்வொரு படத்தோடும் கருவி எழுதித் தருகிறது. முன்பு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாய் எழுதியதால் குழப்பம் இருந்தது. ஒரு நிறுவனத்தின் எண் கூடினால் கதிர் கூடியது என்று பொருள். இன்னொன்றில் எண் கூடினால் கதிர் குறைந்தது என்று பொருள்! 2008-ல் இதற்குப் பொதுவான சர்வதேச அளவுமுறை வந்தது. அதன்படி விலகல் எண் 0 என்றால் குறித்த அளவு சரியாய் விழுந்தது. கூட்டல் 3 என்றால் இரு மடங்கு. கழித்தல் 3 என்றால் பாதி. திரையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அழகான படத்தைப் பார்க்கிறவர் கண் அங்கே போவதில்லை.

6. வேதம் கற்பிக்கும் அளவு

லேவியராகமம் 19-ம் அதிகாரத்தின் முடிவில் நியாயமான தராசையும் படியையும் பற்றிக் கர்த்தர் கட்டளையிடுகிறார். பலசரக்குக் கடைக்காரர் கையிலிருக்கும் எடைக்கல்லைப் பற்றிப் பரிசுத்த வேதம் ஏன் பேசவேண்டும்? வாங்குகிறவரால் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது என்பதால்தான். அறியாதவனுக்கும் ஏழைக்கும் அந்த இடத்தில் கர்த்தரே காவலாய் நிற்கிறார். எக்ஸ்ரே மேஜையில் படுத்திருக்கும் கூலித் தொழிலாளிக்குத் தன்மேல் எவ்வளவு கதிர் விழுந்தது என்று தெரியாது. வலியில்லை, சூடில்லை, அடையாளமில்லை. அவருக்காக அளவைப் பார்க்கவேண்டியவர்கள் நாம்.

19-ம் சங்கீதத்தில் தாவீது, தன் கண்ணுக்கே தெரியாத பிழைகளிலிருந்து தன்னைச் சுத்திகரிக்கும்படி வேண்டுகிறார். துணிகரமான பாவத்தைப் பற்றி அவர் பேசுவது அதற்குப் பிறகுதான். வெளிப்படையான தவறை ஊரே காட்டிக்கொடுக்கும். விளைவு அழகாய் இருக்கும்போது உள்ளே வளரும் தவறை யார் காட்டுவார்? ஊழியத்திலும் இது உண்டு. அறிக்கை அழகாய் இருக்கலாம்; கட்டடம் உயரலாம்; யார் எவ்வளவு சுமந்தார்கள் என்ற கணக்கு ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அதை வாசிக்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

7. உங்கள் பங்கு

கருவி வாங்கக் கேட்டால் மனமுவந்து கொடுக்கிறீர்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கருவியின்மேல் பெயர் பொறித்த தகடும் வைக்கிறோம். ஆனால் ஆண்டுதோறும் அதன் தரத்தைச் சோதிப்பதற்கும், தேய்ந்த பிளேட்டை மாற்றுவதற்கும், டெக்னீஷியனைப் பயிற்சிக்கு அனுப்புவதற்கும் பெயர்த்தகடு வைக்க இடமில்லை. நோயாளியைக் காப்பது பெரும்பாலும் அந்தச் செலவே. பெரிய மருத்துவமனைகளில் இன்று பிளேட்டைத் தூக்கிச் செல்லவே தேவையில்லாத ஃபிளாட் பேனல் முறை வந்திருக்கிறது; அங்கும் அதிகக் கதிரைக் கணினி மறைத்துவிடும், அங்கும் அதே எண்ணைப் பார்க்கத்தான் வேண்டும். ஆகையால் இனிக் காணிக்கை அனுப்பும்போது, "பராமரிப்புக்கும் பயிற்சிக்கும்" என்று ஒரு பங்கைக் குறித்து அனுப்பும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

ஜெபக் குறிப்புகள்

எக்ஸ்ரே பிரிவில் பணிபுரியும் டெக்னீஷியன்கள் ஒவ்வொரு படத்திலும் அளவைக் கவனிக்கும் பொறுமையுள்ளவர்களாய் இருக்கும்படி ஜெபியுங்கள்.

படம் எடுக்கப்படும் குழந்தைகளுக்காகவும், முடிவுக்காகக் காத்திருக்கும் பெற்றோருக்காகவும் ஜெபியுங்கள்.

மறைவாய்க் கொடுக்கிற உங்களை, மறைவாய்ப் பார்க்கிற பிதா ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை போதகர்