பரியும் வீரரும்

நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். பெயருக்கேற்ப நாஞ்சில் நாடு ஏரும் எருதும் சிறந்த நாடு. குதிரைக்கு உரிய நாடன்று. எனினும், இந்நாட்டு மக்கள் குதிரையை அறியாதவர் அல்லர். கன்னியாகுமரிப் பகவதியம்மன் கோயிலில் நவராத்திரி விழாவின் பத்தாம் நாளன்று, அம்மன் வெள்ளிக்குதிரை வாகனத்தில் எழுந்தருளி, மகாதானபுரத்திற்குப் பரிவேட்டைக்குச் செல்லும் காட்சியைக் காணச் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களெல்லாம் திரண்டு வரும். அவ்வெள்ளிப் பரிக்குப் பசியும் இல்லை; பிணியும் இல்லை; அச்சமும் இல்லை. உயிருள்ள பரியின் செய்தி வேறு.

பண்டைக் காலத்தில் பாண்டி நாட்டிற்கு அரபு நாட்டுக் குதிரைகள் கடல்வழியே வந்திறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டைப் பற்றி எழுதிய வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து இக்குதிரைகள் வாங்கப்பட்டன என்றும், பேணும் முறை அறிந்தவர் இன்மையால் அவற்றுட் பல மடிந்தொழிந்தன என்றும் குறித்துள்ளார். குதிரையை விலைக்கு வாங்கலாம். அதனை அறிந்து நடத்தும் திறனை அவ்வாறு வாங்குதல் இயலாது. அத்திறனையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டு, உலக அரங்கில் இந்தியாவின் பெயரை விளங்கச் செய்தவருள் ஒருவர் பவாத் மிர்சா.

மிர்சா 1992ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6ஆம் நாள் பெங்களூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் குதிரைகளுக்கு மருத்துவம் செய்வதில் வல்லவர். ஆதலின், மற்றச் சிறுவர் மரக்குதிரை ஏறி விளையாடும் பருவத்தில், அதாவது ஐந்தாம் வயதிலேயே, அவர் மெய்யான குதிரையின் முதுகில் அமர்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று உளவியலும் வணிகவியலும் பயின்றார். வாய் பேசாத விலங்கின் உள்ளக் குறிப்பைச் செவியின் அசைவாலும் மூச்சின் வேகத்தாலும் அறிய வேண்டிய ஒருவர் உளவியல் கற்றது பொருத்தமே.

அவர் மேற்கொண்ட போட்டி முப்பிரிவு உடையது. முதற்பிரிவில், குதிரை வீரரின் குறிப்பறிந்து நடந்தும் திரும்பியும் நின்றும் தன் பயிற்சியைக் காட்ட வேண்டும். இரண்டாம் பிரிவில், மேடு பள்ளங்களையும் வேலிகளையும் நீர்நிலைகளையும் கடந்து, குறித்த காலத்திற்குள் நெடுந்தொலைவு ஓட வேண்டும். மூன்றாவது, வண்ணத் தடைகளைத் தாண்டும் பிரிவு. அத்தடைகளின் மேலுள்ள கழிகள் சிறிதளவு கால் பட்டாலும் விழுந்துவிடும். ஒரு கழி விழுந்தால் 4 தண்டப் புள்ளிகள். குறித்த காலம் கடந்தால் வினாடிக்கு 0.4 புள்ளி. இறுதியில் குறைந்த தண்டம் பெற்றவரே வெற்றியாளர். முந்தைய நாள் களைக்க ஓடிய குதிரை மறுநாளும் தாண்டவல்லதா என்று அறிவதே மூன்றாம் பிரிவின் நோக்கம். இப்போட்டி குதிரைப்படையினரிடமிருந்து தோன்றியது. களத்தில் நேற்று உழைத்த குதிரை இன்றும் உழைக்குமா என்பது படைத்தலைவன் கேட்கும் கேள்வி. ஒலிம்பிக்குப் பந்தயத்தில் நெடுங்காலம் படை அதிகாரிகளே குதிரை ஏறிப் போட்டியிட்டனர். முப்பிரிவுப் போட்டியில் பெண்மணி ஒருவர் முதன்முதலாகப் பங்குகொண்டது 1964ஆம் ஆண்டிலேயாம்.

இந்தியாவிலும் இக்கலையைப் பெரிதும் வளர்த்தது படையே. 1982ஆம் ஆண்டு தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இரகுபீர்சிங் தனி வீரருக்குரிய தங்கப் பதக்கம் பெற்றார். குலாம் முகம்மதுகான் வெள்ளி பெற்றார். குழுவிற்கும் தங்கம் கிட்டியது. அதன்பின் 36 ஆண்டுகள், தனி வீரர் பதக்கம் ஒன்றும் இந்தியாவிற்குக் கிட்டவில்லை.

இக்கலையில் உயர்நிலை அடைய விரும்பும் இந்தியர்க்குத் தாய்நாட்டை விட்டுச் செல்லுதல் தவிர்க்க இயலாததாகின்றது. நோய் பரவுமென்னும் அச்சத்தால் நாடுகள் பிறநாட்டுக் குதிரைகளை எளிதில் உள்ளே விடுவதில்லை. இவ்வச்சம் எத்துணை வலியது என்பதற்கு 1956ஆம் ஆண்டு ஒலிம்பிக்கு விழா சான்றாகும். அவ்விழா ஆசுத்திரேலியாவிலுள்ள மெல்போர்னில் நடந்தது. குதிரைப் போட்டிகள் மட்டும் சுவீடன் நாட்டுச் சுடாக்ஃகோமில் நடந்தன! எனவே மிர்சா செருமனியில் தங்கி, பெட்டினா ஃகாய் என்னும் வீராங்கனையிடம் பயின்றார். அவ்வம்மையார் முன்பு ஏறிப் போட்டியிட்ட சென்யூர் மெடிகாட் என்னும் குதிரையே பின்னர் மிர்சாவின் துணையாயிற்று. பிறர் கைக்குப் பழகிய குதிரை புதியவரை நம்புதல் ஒருநாளில் நிகழ்வதன்று. அந்நம்பிக்கையை நாள்தோறும் பழகியே பெற வேண்டும்.

2018ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. மிர்சா 26.40 தண்டப் புள்ளிகளுடன் வெள்ளிப் பதக்கம் பெற்றார். சப்பான் வீரர் ஓய்வா 22.70 புள்ளிகளுடன் தங்கம் பெற்றார். வெண்கலம் பெற்ற சீன வீரர் மிர்சாவிற்குப் பின்தங்கியது ஒரு புள்ளிக்கும் குறைவே. ஒரு கழி விழுந்திருப்பின் வெள்ளி கைநழுவியிருக்கும். இராகேசுகுமார், ஆசிசு மாலிக், சிதேந்தர்சிங் ஆகியோருடன் சேர்ந்து குழுவிற்குரிய வெள்ளியையும் அவர் பெற்றார். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்கு அருச்சுனா விருது வழங்கியது.

ஆயினும் அவர் நாட்டம் ஒலிம்பிக்கின்மேல் இருந்தது. 2000ஆம் ஆண்டில் சிட்னி சென்ற இம்தியாசு அனீசுக்குப் பின் இந்தியக் குதிரை வீரர் ஒருவரும் அவ்வரங்கை மிதிக்கவில்லை. தென்கிழக்கு ஆசியா, ஓசியானியாப் பகுதிக்குரிய 2019ஆம் ஆண்டுத் தரவரிசையில் முதலிடம் பெற்று, மிர்சா தோக்கியோ செல்லும் தகுதியை அடைந்தார். கொள்ளைநோயால் விழா 2021ஆம் ஆண்டிற்குத் தள்ளிவைக்கப்பட்டது. அப்போது அவரிடம் தகுதியுடைய குதிரைகள் இரண்டு இருந்தன: மெடிகாட் ஒன்று, தசாரா மற்றொன்று. ஆண்டுக்கணக்கில் உடன் உழைத்த இரண்டனுள் ஒன்றை விட்டுச் செல்லுதல் எளிதன்று. இறுதியில் மெடிகாட்டே தேர்ந்துகொள்ளப்பட்டது.

முதற்பிரிவில் 28.00 தண்டப் புள்ளிகள் பெற்று மிர்சா 9ஆம் இடத்தில் நின்றார். உலகின் முதன்மையான வீரர் அறுபதின்மருக்கு மேல் கூடிய அரங்கில் இது வியத்தற்குரியது. ஆகத்து முதல்நாள் காலை, நெடுவழி ஓட்டம். ஏறக்குறைய 4½ கிலோமீட்டர் தொலைவை 7 நிமிடம் 45 வினாடிக்குள் கடத்தல் வேண்டும். அன்று சுவிட்சர்லாந்து வீரர் ஒருவரின் குதிரை, தடையைத் தாண்டியபின் காலில் தீராக் காயமுற்றது; அதன் துன்பம் நீள வேண்டாவென மருத்துவர் அதனை உயிர்நீங்கச் செய்தனர். குதிரையை விரைந்து செலுத்துவோர் ஒவ்வொருவர் முன்னும் நின்ற இடர் இது. மிர்சா தடைகளைப் பிழையின்றிக் கடந்தார். ஆனால் 28 வினாடிகள் மிகுதியாயின. அதனால் 11.20 புள்ளிகள் சேர, அவர் 22ஆம் இடத்திற்கு இறங்கினார்.

மறுநாள் தடைதாண்டல். முதற்சுற்றில் 8 புள்ளிகள் சேர்ந்தன. எனினும், இறுதிச் சுற்றிற்குரிய 25 பேருள் மிர்சாவும் ஒருவரானார். இப்போட்டியில் இந்தியர் ஒருவர் இறுதிச் சுற்றை எய்தியது அதுவே முதன்முறை. இரவின் விளக்கொளியில் நடந்த அச்சுற்றில் மேலும் 12.40 புள்ளிகள் சேர, மொத்தம் 59.60 புள்ளிகளுடன் அவர் 23ஆம் இடம் பெற்றார். செருமானிய வீராங்கனை சூலியா கிராயெவ்சுகி தங்கம் பெற்றார். முப்பிரிவுப் போட்டியில் தனி வீரர்க்குரிய ஒலிம்பிக்குத் தங்கம் ஒரு பெண்மணி கைக்கு வந்தது அன்றே.