சர்க்கரை தரும் கரித்தூளா?

“சார், ஜப்பான்காரன் ஒரு கரித்தூள் கண்டுபிடிச்சிருக்கானாமே? வைக்கோலையும் அந்தத் தூளையும் தண்ணியில போட்டுக் கொதிக்கவெச்சா சர்க்கரையாம். அமிலமே வேண்டாமாம்!”

வினையூக்கிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் என்பதால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்களில் வேதியியல் பட்டதாரிகளும் உண்டு. எரிச்சல் அதனால்தான்.

ஆய்வு பொய்யல்ல. ஜப்பானிய வேதியியலாளர் மிச்சிகாசு ஹாராவின் குழு 2008-இல் வெளியிட்ட வேலை அது. வைக்கோலின் நார்ப்பொருளான செல்லுலோஸையே கருக்கிக் கரியாக்கி, அந்தக் கரியைப் புகையும் கந்தக அமிலத்தில் போட்டுச் சூடாக்கினார்கள். அமிலத்தின் சல்ஃபோனிக் தொகுதிகள் கரியோடு பிணைந்துகொண்டன. ஆக, ‘அமிலமே வேண்டாத’ தூள் கந்தக அமிலத்தில் குளித்து வந்த தூள். அந்தத் தொகுதிகளை எடுத்துவிட்டால் அது அடுப்புக்கரிதான். வித்தியாசம், இந்த அமிலம் தண்ணீரில் கரையாது, வடிகட்டி எடுத்துவிடலாம் என்பது. அது சின்ன லாபமில்லை. வெறும் கந்தக அமிலத்தை ஊற்றினால் பிறகு சுண்ணாம்பு போட்டு அதை முறிக்க வேண்டும். மிஞ்சும் ஜிப்சத்தை எங்கே கொட்டுவது என்பது தனித் தலைவலி.

சரி, சர்க்கரை எவ்வளவு வந்தது? 100 டிகிரியில் 3 மணி நேரத்துக்குப் பிறகு குளுக்கோஸ் 4 சதவீதம். நான்கு! 64 சதவீதம், நீரில் கரையும் அளவுக்கு வெட்டுப்பட்ட செல்லுலோஸ் சங்கிலித் துண்டுகள். ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. செய்தியைப் பகிர்ந்தவர்கள்தான் படிக்கவில்லை. அதே ஆண்டு இன்னொரு ஜப்பானிய ஆய்வாளரான ஒண்டாவின் குழுவினர் இதே வகைத் தூளோடு 150 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துச் சுமார் 40 சதவீதம் எடுத்தார்கள்; அதற்கும் செல்லுலோஸை முதலில் குண்டுகள் உருளும் ஆலையில் நெடுநேரம் அரைத்துப் படிக அமைப்பை உடைக்க வேண்டியிருந்தது. அந்த மின்சாரக் கணக்கை வதந்தியில் யாரும் எழுதுவதில்லை. சூட்டை இன்னும் ஏற்றலாமே என்றால், பிறந்த குளுக்கோஸே சிதைந்து பழுப்புப் பிசினாகிறது.

இன்னொன்று கேளுங்கள். இந்தச் சோதனைகளில் இருந்தது வைக்கோல் இல்லை. பெரும்பாலும் சுத்திகரித்த வெள்ளைச் செல்லுலோஸ் தூள், மாத்திரைகளில் நிரப்புப் பொருளாகச் சேர்க்கிறார்களே, அந்த இனம். வைக்கோலில் லிக்னின் இருக்கிறது, சிலிகா இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியம் அயனி நேராகப் போய் சல்ஃபோனிக் தொகுதியில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்த ஹைட்ரஜன் அயனியைத் தண்ணீருக்குள் தள்ளிவிடும். முதல் முறை வேலை நடக்கும், ஏனென்றால் இப்போது அமிலம் தண்ணீரில்! இரண்டாம் முறை அதே தூளைப் போட்டால் கைவிரிக்கும். கரையாத லிக்னினும் கரையாத வினையூக்கியும் கலந்து கிடக்கும் கறுப்புச் சேற்றிலிருந்து தூளை மட்டும் பிரிப்பது எப்படி? காந்தத் தன்மையுள்ள தூள் செய்து பார்க்கிறார்கள். பானையில் கொதிக்கவைக்கிறவர் என்ன செய்வார்?

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை. இது புத்தம்புதுக் கண்டுபிடிப்பு என்பது தவறு: பிரெஞ்சு வேதியியலாளர் பிராக்கொனோ 1819-இலேயே கந்தல் துணியைக் கந்தக அமிலத்தால் சர்க்கரையாக்கிக் காட்டிவிட்டார். மாடு வைக்கோலைச் செரிக்கிறதே என்கிறார்கள். செரிப்பது மாடல்ல, அதன் முதல் வயிற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள். ஒரு டன் வைக்கோலுக்கு ஒரு டன் சர்க்கரையாம்! வைக்கோலில் செல்லுலோஸ் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 350 கிலோ செல்லுலோஸ் துளி வீணாகாமல் மாறினாலும் 390 கிலோ குளுக்கோஸைத் தாண்டாது. அதுவும் காப்பியில் போடும் சீனி அல்ல.

எண்ணெய் நிறுவனங்கள் இதை மறைக்கின்றன என்பதும் ஒரு கதை. 2022 ஆகஸ்டில் அரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் ஊரறியத் திறந்த ஆலைக்கு அறிவித்த இலக்கு, ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால். டன்னுக்கு 150 லிட்டர். அங்கே செல்லுலோஸை வெட்டுபவை நொதிகள். இந்தக் கரித்தூள் போன்ற திட அமிலம் அந்த இடத்தைப் பிடிக்க இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

இந்தக் கதைகளுக்குத் தீனி போடுவதில் எங்கள் துறைக்கும் பங்குண்டு. மாணவர் சுவரொட்டிகளில் முதல் முறை வந்த விளைச்சல் கொட்டை எழுத்தில் இருக்கும். ஐந்தாம் முறை எவ்வளவு என்றால் மௌனம். அமிலம் கசிகிறதா என்று அறிய, பாதி வினையில் சூடு ஆறாமல் தூளை வடித்தெடுத்துவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தொடர்ந்து சூடாக்கிப் பாருங்கள். கூடவே அமிலம் கலக்காத வெறும் நீரிலும் ஒரு சோதனை வையுங்கள். 200 டிகிரியைத் தாண்டினால் தண்ணீரே கொஞ்சம் அமிலம்போல நடந்துகொள்ளும். வெறும் நீர் தருவதைவிட வடித்த நீரில் குளுக்கோஸ் வேகமாக ஏறினால் அமிலம் கசிந்துவிட்டது, உங்கள் ‘திட’ வினையூக்கி திடமாக இல்லை. ஐந்தாம் முறை விளைச்சல், இந்தக் கசிவுச் சோதனை இரண்டும் இல்லாத முதுகலை ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டும். வெள்ளைத் தூளோடு நிறுத்திக்கொண்டு தலைப்பில் ‘வேளாண் கழிவு’ என்று போட்டிருப்பதையும் சேர்த்து.