புதுக்கோட்டையில் வீடு, டெல்லியில் விதி: 1.80 லட்சம் மானியம் உங்களுக்குக் கிடைக்குமா?

வீட்டுக்கடன் பற்றி எப்போ பேசினாலும் ஒரு கேள்வி வந்துடும்: "பிரதமர் திட்டத்துல வட்டி மானியம் தர்றாங்களாமே, அதுக்கு எந்த ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கணும்?" சென்னையிலோ கோவையிலோ வேலை, வீடு கட்ட நினைக்கிறது சொந்த ஊரான புதுக்கோட்டையில. இப்படி இருக்கிறவங்களை மனசுல வச்சு இதைப் பார்ப்போம்.

முதல்ல, பணம் யாருடையது? மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகத்துடையது. இரண்டு அமைச்சகங்களை இணைத்து 2017-ல் உருவானது இது. நிலமும் வீட்டுவசதியும் மாநில அரசின் பொறுப்பு என்பதால், இந்த அமைச்சகம் புதுக்கோட்டைக்கு வந்து செங்கல் அடுக்காது. விதி எழுதும், நிதி ஒதுக்கும், மற்றவர்கள் மூலமாகக் கொடுக்கும். சொந்த மனை வைத்திருக்கும் ஏழைக் குடும்பம் வீடு கட்டினால் அந்த உதவி மாநில அரசு வழியா வரும். சம்பளக்காரர்களுக்கான வட்டி மானியம் வேறு பாதை. உங்க வங்கி, தேசிய வீட்டுவசதி வங்கி, ஹட்கோ, ஸ்டேட் வங்கி ஆகிய மூன்றில் ஒன்றிடம் கேட்டு வாங்கும். அதனால நீங்க போக வேண்டிய "ஆபீஸ்" கடன் தரும் வங்கிக் கிளைதான், கூடவே திட்டத்தின் இணையதளத்தில் ஆதார் வைத்து ஒரு விண்ணப்பம்.

இப்போ நடப்பது பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0. தொடங்கியது 2024 செப்டம்பர் 1, ஐந்து வருடம் ஓடும். யாராவது புரோக்கர் "2.67 லட்சம் மொத்தமா வரும் சார்"னு சொன்னா, அவர் 2022 மார்ச்சோடு முடிந்துபோன பழைய திட்டத்தைச் சொல்றார்.

புதிய கணக்கு இதுதான். குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்கணும். கடனில் முதல் 8 லட்சத்துக்கு மட்டும், அதிகபட்சம் 12 வருடத்துக்கு, 4% வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம். மொத்தமா வராது, வருடம் 36,000 வீதம் ஐந்து தவணை. 35 லட்ச வரம்பு இந்தியா முழுக்க ஒண்ணுதான். சென்னையில் அந்த விலைக்கு வீடு தேடி அலையணும், புதுக்கோட்டையில் நடக்கக்கூடிய காரியம்.

20 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம்னு வைங்க. இ.எம்.ஐ. சுமார் 17,356. மொத்த வட்டி மட்டும் 21.65 லட்சம் வரும். ஒரு மானியத் தவணை இரண்டு இ.எம்.ஐ.யை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வந்தால் நல்லது. ஆனா இதை நம்பி பட்ஜெட்டை நீட்டாதீங்க.

எங்கே சறுக்கும்?

குடும்பம்னா கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். கணவர் 40,000, மனைவி 38,000 சம்பாதித்தால் வருடம் 9.36 லட்சம். 36,000 ரூபாய் வருமானம் கூடினதால மொத்த மானியமும் போச்சு! அடுத்தது, அந்தக் குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கேயும் கான்கிரீட் வீடு மாதிரி நிலையான வீடு இருக்கக்கூடாது. கடந்த 20 வருடத்தில் அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருக்கவும் கூடாது. உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை, ஊர்ல அப்பா பெயரில் மாடி வீடு இருக்குன்னா, வங்கியிடம் முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பதிலை எழுத்தில் வாங்குங்க.

மனை இருக்கும் இடம் இன்னொரு சிக்கல். இது நகர்ப்புறத் திட்டம். புதுக்கோட்டை நகராட்சி 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது. அதன் எல்லை, அறந்தாங்கி நகராட்சி, கீரனூர், இலுப்பூர் மாதிரி பேரூராட்சிகள் எல்லாம் நகர்ப்புறம்தான். ஊராட்சி மனைன்னா அது பொதுவா ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் பக்கம் போயிடும், அங்கே இந்த வட்டி மானியம் கிடையாது. ஆனா ஊராட்சியாக இருந்தாலும், அறிவிக்கப்பட்ட நகரத் திட்டப் பகுதிக்குள் மனை வந்தால் இந்தத் திட்டத்தில் வரும். "டவுனுக்குப் பக்கத்துலதான் சார்"னு மனை விற்கிறவர் சொல்வது போதாது. சர்வே எண்ணை எடுத்துக்கிட்டு நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்தில் கேளுங்க. மனைக்கு அங்கீகாரம் இருக்கான்னும் அதே நடையில் தெரிஞ்சுடும்.

கடைசியா, முன்கூட்டியே கடனைக் கட்டுறவங்களுக்கு. ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் நடப்பில் இருக்கணும், அசலில் பாதிக்கு மேல் நிலுவை இருக்கணும். 20 லட்சக் கடன்னா நிலுவை 10 லட்சத்துக்குக் கீழே போனால் மீதித் தவணைகள் நின்னுடும். போனஸ் வந்து ஒண்ணு ரெண்டு லட்சம் கட்டினால் பிரச்சினை இல்லை. ஆனா கையில் 9 லட்சம் வந்துட்டா? மானியம் போயிடுமேன்னு அதை சேமிப்புக் கணக்கில் தூங்க விடாதீங்க. 9 லட்சத்துக்கு 8.5%-ல் ஒரு வருட வட்டியே 76,500. போவது வருடத்துக்கு 36,000.