கோல்ஃப்: கடைசி நூறு கஜம்

கோல்ஃப் பணக்காரர்கள் ஆட்டம், நமக்கென்ன வந்தது என்று வாசக அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். செம்பூரில் வசிக்கும் நம்மில் பலர் பாம்பே பிரசிடென்ஸி கோல்ஃப் கிளப்பின் மதிற்சுவரைக் கடந்துதான் அன்றாடம் போய்வருகிறோம். 1927-ல் தொடங்கிய மன்றம் அது. உத்தியோகத்திலும் வியாபாரத்திலும் மேலே வந்த நம்மவர் சிலர் இப்போது இந்த ஆட்டத்தைப் பழகுகிறார்கள். நானும் ஓய்வு பெற்ற பிறகு, உறுப்பினரான ஒரு நண்பரின் விருந்தாளியாகப் போய்ப் பழகியவன். முழு ஆட்டத்தையும் கற்றுத்தர எனக்குத் தகுதியில்லை. குழிக்கு நூறு கஜத்துக்கு உட்பட்ட சின்ன ஆட்டத்தைப் பற்றி மட்டும், ரயில்வே டிப்ளமாக்காரனுக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பதினெட்டுக் குழிகளுக்குத் தேர்ந்த ஆட்டக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய அடிகள் 72 என்று வைத்துக்கொள்வோம். இதில் ஒவ்வொரு குழிக்கும் கிரீன் என்னும் வழவழப்பான புல்மேடையில் இரண்டு தட்டுகள் என்று ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்கள். அதாவது 36. ஆட்டத்தில் சரிபாதி, பந்தை உருட்டிவிடுவதிலேயே போகிறது. இதற்குத் தோள்வலிமை வேண்டாம், இடுப்பு வளைய வேண்டாம். அறுபதைத் தாண்டியவர் எவ்வளவு முயன்றாலும் முதல் அடியில் ஐம்பது கஜம் கூட்ட முடியாது. இங்கே ஐந்தாறு அடிகளைக் குறைக்கலாம்.

எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறை ஆட்டக்காரர்களின் லட்சக்கணக்கான அடிகளை அலசி 2014-ல் ஒரு புத்தகம் எழுதினார். வெற்றி தோல்வி வித்தியாசத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில்தான் உண்டாகிறது என்பது அவர் முடிவு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்றில் இரண்டு பங்கை நம் வயதில் எங்கே போய் வாங்குவது?

ரயில்வேயில் இருந்தவர்களுக்கு ஓர் உதாரணம் உடனே விளங்கும். நீண்ட அடி என்பது மெயின் லைனில் போகும் எக்ஸ்பிரஸ். சின்ன ஆட்டம் யார்டில் நடக்கும் ஷண்டிங். முகல்சராய் (2018 முதல் தீன தயாள் உபாத்யாயா ஜங்ஷன்) போன்ற பெரிய யார்டுகளில் 'ஹம்ப்' என்ற மேடு உண்டு. வேகனை அதன் உச்சியில் கழற்றிவிட்டால் தன் எடையாலேயே சரிந்து, வேண்டிய பாதையில் போய், நிற்கும் வண்டியோடு மெதுவாகச் சேர வேண்டும். வேகம் குறைந்தால் நடுவழியில் நின்றுவிடும். மிஞ்சினால் மோதிச் சரக்கு சேதமாகும். கிரீனில் பந்தை உருட்டுவதும் இதேதான். முதலில் வேகம், அப்புறம்தான் திசை. புதிதாக வருகிறவர்கள் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இருபது அடி தூரத்திலிருந்து தட்டும்போது திசை ஓர் அடி பிசகுவது அபூர்வம். தூரம் ஐந்தடி பிசகுவது சர்வசாதாரணம்.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பந்து குழிக்குள் விழ வேண்டுமானால், எதிர் விளிம்பைத் தொடும் முன் தன் ஆரத்தின் அளவாவது, அதாவது 21 மி.மீ., கீழிறங்க வேண்டும். அவ்வளவு விழ 0.066 வினாடி ஆகும். அதற்குள் அது கடக்கக்கூடிய தூரம் சுமார் 87 மி.மீ. வகுத்துப் பாருங்கள்: வினாடிக்கு 1.3 மீட்டர், மணிக்கு 4.7 கிலோமீட்டர். மனிதன் சாதாரணமாக நடக்கும் வேகம். எதிர் விளிம்பில் மோதித் துள்ளி உள்ளே விழுவதையும் கணக்கிட்டு, 1.63 மீட்டர் வரை தாங்கும் என்று ஹோம்ஸ் என்ற இயற்பியல் ஆசிரியர் 1991-ல் எழுதினார். இதுவும் குழியின் நட்ட நடுவே போகும் பந்துக்குத்தான். கொஞ்சம் விலகினால் அந்த வேகத்திலே விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே ஓடிவிடும். மெதுவாக வரும் பந்துக்கோ ஓரம்கூட வாசல்தான். ஆனால் மிக மெதுவாக வந்தால் குழியோரத்துக் காலடித் தடங்களில் இடறித் திசை மாறும். ஆகவே, தவறினால் குழியைத் தாண்டி 17 அங்குலத்தில் நிற்கும்படி தட்டுவது உத்தமம் என்று டேவ் பெல்ஸ் சொன்னார். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் வேலை பார்த்துவிட்டு கோல்ஃபுக்கு வந்தவர் அவர்.

இனி சரிவு. கர்ஜத்திலிருந்து லோணாவளா ஏறும் போர்காட் பாதையின் சரிவு 37-க்கு 1. பின்னாலிருந்து தள்ளும் இன்ஜின்கள் இல்லாமல் கனமான வண்டிகள் அதில் ஏறுவதில்லை. கிரீனில் 50-க்கு 1 சரிவு மிகச் சாதாரணம். கண்ணுக்குச் சமதரையாகவே தெரியும். புல்லின் வேகத்தை அளக்க 'ஸ்டிம்ப்மீட்டர்' என்று ஒரு கருவி உண்டு. எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935-ல் யோசித்தது. மூன்றடி நீளச் சாய்பலகை. அதிலிருந்து பந்தை உருளவிட்டு எத்தனை அடி ஓடுகிறது என்று அளப்பார்கள். நம் ஹம்புக்குத் தம்பி என்று சொல்லலாம். எட்டடி ஓடும் புல்தரையில் 50-க்கு 1 சரிவு இருந்தால் என்னாகும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சமதரையில் பத்தடி போகும் தட்டு, மேட்டில் எட்டே கால் அடியில் நின்றுவிடும். இறக்கத்தில் பன்னிரண்டரை அடி ஓடும். அதனால்தான் அனுபவசாலிகள் பந்தைக் குழிக்குக் கீழ்ப்புறமாகவே கொண்டுவந்து நிறுத்தப் பார்க்கிறார்கள். 2019-ல் விதி மாறியதிலிருந்து கொடிக்கம்பை எடுக்காமலும் தட்டலாம். இறக்கத்தில் இது பெரிய ஒத்தாசை.

தட்டும் முறைக்கு அதிக விளக்கம் தேவையில்லை. கண்கள் பந்துக்கு நேர்மேலே இருக்கட்டும். மட்டையைப் பல்துலக்கும் பிரஷ்ஷைப் பிடிப்பதுபோல லேசாகப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு அசையக்கூடாது, தோளிலிருந்து கடிகாரப் பெண்டுலம் போல ஆட வேண்டும். தூரத்தைக் கூட்ட வேண்டுமானால் வீச்சை நீட்டுங்கள், வெடுக்கென்று அடிக்காதீர்கள்.

அடுத்தது 'சிப்'. கிரீனுக்கு வெளியே சில கஜம் தள்ளிக் கிடக்கும் பந்தை மேலே கொண்டுவருவது. இங்கே எல்லோரும் செய்வது, பந்தை அடியிலிருந்து அள்ளித் தூக்கிவிட முயல்வது. தோசையைத் திருப்புவதுபோல! மட்டையின் முகமே சாய்வாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. தூக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். உடல் எடையை முன்காலில் வைத்து, கைகள் பந்தைவிடச் சற்று முன்னே இருக்க, கீழ்நோக்கி அடியுங்கள். பந்து காற்றில் இருக்கும் நேரம் குறைவாகவும் தரையில் உருளும் நேரம் அதிகமாகவும் இருந்தால் பிழைக்கு இடம் குறைவு. உத்தேசமாக, 8-ம் எண் இரும்பு மட்டையில் காற்றில் ஒரு பங்கு, தரையில் மூன்று பங்கு. பிட்சிங் வெட்ஜில் ஒன்றுக்கு இரண்டு. சாண்ட் வெட்ஜில் ஒன்றுக்கு ஒன்று. பந்து எங்கே விழ வேண்டுமோ அந்தப் புள்ளியைப் பாருங்கள், குழியைப் பார்க்காதீர்கள். இந்தக் கலையில் பேர்போனவர் அமெரிக்காவின் பால் ரன்யன், மெலிந்த தேகம். 1938-ல் பி.ஜி.ஏ. போட்டியின் இறுதி ஆட்டத்தில், ஒவ்வோர் அடியிலும் தம்மைவிட வெகுதூரம் அடித்த ஸாம் ஸ்னீட்டை, இன்னும் ஏழு குழிகள் மீதியிருக்கும்போதே எட்டுக் குழி வித்தியாசத்தில் தோற்கடித்துவிட்டார்.

இதை நான் புத்தகத்தில் படித்தது பிறகு. கண்ணால் பார்த்தது செம்பூரில். ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து வருபவரை ஆங்கிலத்தில் 'கேடி' என்பார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசனை அடிப்பதால் 'சுமைத்தோழர்' என்றே எழுதுகிறேன். இந்த இளைஞர்கள் பக்கத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து வருகிறவர்கள். 2010-களில் இவர்களுடைய சந்து கோல்ஃப் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. கட்டடக் கம்பியை வளைத்து மட்டையாக்கி, கைப்பிடிக்கு ரப்பர் சுற்றி, பிளாஸ்டிக் பந்தைச் சந்துக்குள் அடிக்கிறார்கள். தண்ணீர் டிரம், சாக்கடை, துணிக்கொடி, தகரக் கூரை, பாத்திரம் துலக்கும் பெண்கள் இத்தனைக்கும் நடுவே ஆட வேண்டும். முழு வீச்சுக்கு இடமே கிடையாது. ஆகவே அவர்கள் ஆடுவது முழுக்க முழுக்கச் சின்ன ஆட்டம். எனக்குப் பை தூக்கி வந்த தமிழ்ப் பையன் ஒருவன், மூன்றடி அகலச் சந்தில் சுவரில் படாமல் முப்பதடிக்குப் பந்தைப் போட்டுக் காட்டினான். எப்படியப்பா என்றேன். "அடிக்கணும்னு நெனச்சா போகாது சார். போடணும்னு நெனைக்கணும். ஆராம் ஸே" என்றான். நான் மேலே எழுதிய பாராக்கள் அத்தனையும் அதற்குள் அடக்கம்.

இவர்களுக்கு முன்னே ஒரு பாதை இருக்கிறது, ஆனால் குறுகலானது. டில்லியில் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர் 1991-லும் 1993-லும் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். பெங்களூரில் அதே தொழிலிலிருந்து வந்த சி. முனியப்பா 2009-ல் வென்றார். இரண்டு பெயர்களை உடனே சொல்லிவிட்டேன். சொல்ல முடியாமல் போன பெயர்கள் எத்தனையோ. பல மன்றங்களில் இவர்கள் வாரத்தில் ஒரு நாள்தான் மைதானத்தில் ஆடலாம். ஒரு செட் மட்டையின் விலை அவர்களுக்குப் பல மாத வருமானம். மழைக்காலத்தில் ஆட்டம் நின்றால் கூலியும் நின்றுவிடும். ஆடப் போகும் நம்மவர்களுக்கு என் வேண்டுகோள்: புது வெட்ஜ் வாங்கும்போது பழையதைப் பரணில் போடாமல் அந்தப் பையனிடம் கொடுங்கள். அவன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனாக இருந்தால், இரவுப் பள்ளி பற்றிய விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். மாட்டுங்காவிலும் தாராவியிலும் நம் முன்னோர் பள்ளிகளை நடத்தியது அதற்காகத்தானே. இன்னொன்று, கிரீனில் சரிவு எந்தப் பக்கம் என்று அவனைக் கேட்டுவிட்டுத் தட்டுங்கள். தினமும் அந்தப் புல்லில் நடப்பவன் அவன்.

வீட்டுப் பயிற்சிக்குப் பெரிய இடம் வேண்டாம். தாராவியின் பத்தடி அறையிலும் செய்யலாம். ஒரு பவானி ஜமக்காளத்தைச் சுருக்கமில்லாமல் விரித்து, அந்தக் கோடியில் காபி டம்ளரைப் படுக்க வையுங்கள். அதன் வாய் ஏறக்குறைய 7 செ.மீ.தான். அதில் நுழைத்துப் பழகியவருக்கு 108 மி.மீ. குழி கிணறாகத் தெரியும். நாளொன்றுக்கு ஐம்பது தட்டு போதும். சிப்புக்கு மொட்டைமாடியில் ஒரு துண்டை விரித்து, துளைபோட்ட பிளாஸ்டிக் பந்து அதன்மேல் விழும்படி அடித்துப் பழகலாம். கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மணற்குழியைப் பற்றியும் கொஞ்சம். அகன்ற அடிப்பாகம் கொண்ட சாண்ட் வெட்ஜை ஜீன் ஸரஸன் வடிவமைத்து 1932 பிரிட்டிஷ் ஓப்பனில் ஜெயித்ததிலிருந்து மணலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பந்தைத் தொடவே வேண்டாம். முகத்தைச் சற்றே திறந்து, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலை அடித்து, வீச்சை நிறுத்தாமல் முடியுங்கள். மணலே பந்தை வெளியே தள்ளிவிடும். ஆனால் பம்பாய் மழையில் நனைந்த மணல் இறுகிக் கிடக்கும். அகன்ற அடிப்பாகம் அதில் துள்ளிப் பந்தின் நெற்றியில் பட்டுவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை முகத்தைத் திறக்காமல், பிட்சிங் வெட்ஜால் பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் அடித்துப் பாருங்கள்.