வறட்சியைத் தாங்கும் கலப்பினச் சோளம்: நாற்றுப் பருவத் தெரிவு

மாணவர்களே, கலப்பினம் பற்றிய வினாவுக்கு "கூடிய விளைச்சல் தரும்" என்று மட்டும் எழுதிப் பலர் புள்ளிகளை இழக்கின்றனர். கலப்பினம் எவ்வாறு உருவாக்கப்படுகிறது, எவ்வாறு தெரிவு செய்யப்படுகிறது ஆகிய இரண்டையும் படிமுறையாக எழுதப் பழகுங்கள்.

1. கலப்பினம் உருவாக்கல்

சோளத்தில் பெரும்பாலும் நடைபெறுவது அயன்மகரந்தச் சேர்க்கையாகும். ஆண் பூக்கள் தாவரத்தின் நுனியிலும் பெண் பூக்கள் இலைக் கக்கத்திலும் தோன்றும்.

(அ) ஒரு தாவரத்தின் மகரந்தத்தை அதன் பெண் பூக்களிலேயே இட்டு, ஏறத்தாழ 6 அல்லது 7 தலைமுறைகளுக்குத் தன்மகரந்தச் சேர்க்கை செய்தால் தூயவழி கிடைக்கும். இத்தாவரங்கள் நலிந்தவை.

(ஆ) வேறுபட்ட இரு தூயவழிகளைக் கலக்கும்போது, முதலாம் தலைமுறை பெற்றோரிலும் வீரியமாக வளரும். இது கலப்பின வீரியம் எனப்படும். சோளத்தில் இதனை அமெரிக்க விஞ்ஞானி ஜோர்ஜ் ஷல் 1908 இல் எடுத்துக்காட்டினார்.

2. நாற்றுகளைச் சோதித்தல்

நூற்றுக்கணக்கான வழிகளை அறுவடை வரை வளர்க்க நிலமும் 3 தொடக்கம் 4 மாதங்களும் தேவை. தட்டுகளில் நாற்றுகளைச் சோதிக்கச் சில வாரங்கள் போதும். நீரை நிறுத்தியோ, பொலியெத்திலீன் கிளைக்கோல் கரைசலில் வளர்த்தோ வறட்சி ஏற்படுத்தப்படும். இக்கரைசலிலிருந்து வேர் நீரை உறிஞ்சுவது கடினம். அவதானிக்க வேண்டியவை:

• வேரின் நீளம்
• வேர், தண்டு ஆகியவற்றின் உலர் நிறை விகிதம்
• இலை சுருளத் தொடங்கும் நாள்
• மீண்டும் நீரிட்டபின் பிழைக்கும் நாற்றுகளின் சதவீதம்
• இலையின் சார் நீர் உள்ளடக்கம்

3. கணிப்புப் பயிற்சி

சார் நீர் உள்ளடக்கம் = (பச்சை நிறை − உலர் நிறை) ÷ (நீர் நிரம்பிய நிறை − உலர் நிறை) × 100

வறட்சிக்குட்பட்ட இரு வழிகளின் இலைகளில் நீர் நிரம்பிய நிறை 2.0 கிராம், உலர் நிறை 0.4 கிராம் எனக் கொள்வோம். பச்சை நிறை க வழியில் 1.6 கிராம், ங வழியில் 1.2 கிராம்.

க: 1.2 ÷ 1.6 × 100 = 75%
ங: 0.8 ÷ 1.6 × 100 = 50%

க வழியே நீரைக் கூடுதலாகத் தக்கவைத்துள்ளது.

4. கவனிக்க

நாற்று பிழைத்தால் மட்டும் போதாது. பொத்தியில் மணி பிடிக்க வேண்டும். சோளம் வறட்சியால் மிகவும் பாதிக்கப்படுவது பூக்கும் பருவத்திலாகும். அப்போது பட்டு நூல் போன்ற தம்பங்கள் வெளிவரத் தாமதமாகும். அதற்குள் மகரந்தம் உதிர்ந்துவிடும். எனவே நாற்றுச் சோதனை முதற்கட்ட வடிகட்டல் மட்டுமே.

மெக்சிக்கோவின் தல்திசபான் நிலையத்தில் ஆய்வாளர்கள் மழையற்ற குளிர்காலத்தில் சோளத்தைப் பயிரிட்டு, பூக்கும் காலத்தில் நீர்ப்பாசனத்தை நிறுத்தித் தெரிவு செய்தனர். எமது உலர் வலயத்திலும் பெரும்போகச் சோளம் பெரும்பாலும் மழையை நம்பியதே. பூக்கும் நாட்களில் மழை பொய்த்தால், செழித்து வளர்ந்த பயிரும் வெறும் பொத்தியையே தரும்.

5. மாதிரி வினா

கலப்பினச் சோளத்தின் அறுவடையிலிருந்து அடுத்த போகத்துக்கு வித்து எடுப்பது ஏன் உகந்ததல்ல?

விடை: இரண்டாம் தலைமுறையில் பரம்பரையலகுகள் பிரிந்து சேர்வதால் தாவரங்கள் ஒரே சீராக இரா, கலப்பின வீரியமும் விளைச்சலும் குறையும்.

இவ்விடையில் காரணம், விளைவு இரண்டும் உள்ளன. ஒன்றை விட்டால் முழுப் புள்ளி கிடைக்காது.