வண்ணக் குஞ்சு

பெங்களூரு நகரத் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டிய பகுதிகளுள் ஒன்று ஒக்கலிபுரம். இருப்புப்பாதைகளின் அருகே நெருங்கி அமைந்த தெருக்கள். சுவரோடு சுவர் சேர்ந்த வீடுகள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர் எனப் பல மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கும் அடுத்துள்ள ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறைகளாக வாழ்கின்றன. சொந்த ஊரில் கோழி வளர்த்துப் பழகிய பாட்டிகள் இக்குடும்பங்களில் உண்டு. ஆனால் இங்கே கோழி மேயும் முற்றம் இல்லை, மொட்டைமாடிதான் உண்டு.

ஒரு மார்கழி மாதத்து மாலையில் இத்தெருக்களுள் ஒன்றில் மிதிவண்டி வணிகர் ஒருவர் வந்து நின்றார். பின்னிருக்கையில் கட்டிய அட்டைப்பெட்டிக்குள் இளஞ்சிவப்பு, பச்சை, நீலம், ஊதா எனப் பல வண்ணங்களில் கோழிக்குஞ்சுகள் கீச்சிட்டன. பள்ளியிலிருந்து திரும்பிய சிறுமி ஒருத்தி தன் சேமிப்புக் காசைக் கொடுத்து நான்கு குஞ்சுகளை வாங்கினாள். சிற்றுண்டிக்கு ஆகும் காசுதான் அவற்றின் விலை. வீட்டில் எவரையும் அவள் கேட்கவில்லை.

இயற்கையில் எந்தக் குஞ்சும் நீல நிறத்தில் பொரிப்பதில்லை. குஞ்சு பொரிப்பகங்களில் முட்டைகள் 21 நாள்கள் அடைவெப்பத்தில் வைக்கப்படுகின்றன. முட்டைக்காகவே வளர்க்கப்படும் இனங்களில், பொரித்த அன்றே ஆண்குஞ்சு, பெண்குஞ்சு எனப் பிரித்துவிடுவர். ஏறத்தாழ பாதி ஆணாக இருக்கும். பெட்டைகள் பண்ணைக்குச் செல்லும். ஆண்குஞ்சு முட்டையிடாது, கறிக்கோழியைப் போல விரைந்து எடை கூடுவதும் இல்லை. எனவே பண்ணையாளருக்கு அது பயனற்ற உயிர். பல நாடுகளில் இத்தகைய குஞ்சுகள் முதல் நாளிலேயே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அதனைச் சட்டத்தால் தடை செய்தது. நம் நாட்டில் அவற்றுள் ஒரு பகுதி சாயத்தில் தோய்க்கப்பட்டுத் தெருவுக்கு வந்துவிடுகிறது. பொரிக்குமுன் குஞ்சின் வயிற்றுக்குள் செல்லும் மஞ்சள்கரு இரண்டு, மூன்று நாள்களுக்கு உணவாகும். ஆதலால் இரையும் நீரும் இல்லாமலே அதனைப் பெட்டியில் அடைத்துத் தொலைவுக்கு அனுப்ப முடிகிறது. தெருவில் விற்கும் வண்ணக் குஞ்சு வளர்ந்தால் பெரும்பாலும் சேவலாகவே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

சிறுமி குஞ்சுகளைக் காலணிப் பெட்டியில் இட்டு, அரிசியைத் தூவி, படுக்கைக்கருகே வைத்தாள். அவை ஓயாமல் கத்தின. பாட்டி எழுந்து வந்து ஒன்றைத் தன் உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார்.

“இது பசிக்குக் கத்தவில்லை, கண்ணு. குளிருக்குக் கத்துகிறது. தாய்க்கோழி இருந்தால் சிறகுக்குள் வைத்திருக்கும்.”

கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவில் மார்கழி இரவின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். முதல் வாரக் குஞ்சுக்கோ 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்திற்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். அன்றிரவே அப்பா பெரிய அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய குண்டு விளக்கைத் தொங்கவிட்டார். இக்காலத்து எல்.இ.டி. விளக்கு ஒளி தருமேயன்றிக் குஞ்சுக்குப் போதிய வெப்பம் தராது. வெப்பம் போதுமா என்பதைக் குஞ்சுகளே காட்டிவிடும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கினால் குளிர். மூலைகளுக்கு ஒதுங்கி வாய் திறந்து இளைத்தால் சூடு மிகுதி. பரவலாக நடமாடினால் எல்லாம் சரி.

ஆயினும் விடிவதற்குள் ஊதா நிறக் குஞ்சு இறந்துவிட்டது. மூன்றே எஞ்சின.

மறுநாள் முதல் பாட்டி சொன்னபடி எல்லாம் நடந்தது. வழுக்கும் செய்தித்தாளின்மேல் நிற்கும் குஞ்சுக்குக் கால்கள் விலகி ஊனமாகக்கூடும் என்பதால் பெட்டியில் உமி பரப்பப்பட்டது. நீர்க்கிண்ணத்தில் கூழாங்கற்கள் இடப்பட்டன; குஞ்சு அதில் விழுந்து நனைந்தால் குளிரில் மடியும். அரிசி நொய்யோடு கடையில் வாங்கிய குஞ்சுத் தீவனமும் வைக்கப்பட்டது. வளரும் குஞ்சின் உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம் இருக்க வேண்டும். நொய் மட்டும் அதனைத் தராது. குஞ்சைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவாமல் உணவைத் தொடக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அது வெறும் கண்டிப்பன்று. நலமாகத் தோன்றும் கோழியின் எச்சத்திலும் மனிதருக்கு வயிற்றுநோய் தரும் நுண்ணுயிர் இருக்கக்கூடும்.

எதிர்வீட்டுக் கன்னட மூதாட்டியைச் சிறுமி ‘அஜ்ஜி’ என்று அழைப்பாள். குஞ்சுகளைக் காண வந்த அவர், “கோளி மரியா?” என்று கேட்டார். தமிழில் கோழி, கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி, மலையாளத்தில் மீண்டும் கோழி. முட்டையும் மொட்டெயும் அவ்வாறே உறவுடையவை. தெருவில் ‘கோளி’ என்று கேட்டுப் பழகிய நா, வீட்டிலும் ழகரத்தை நழுவவிடுவது இயல்பு. பாட்டியோ ஒவ்வொரு முறையும் திருத்துவார். ஆண் சேவல், பெண் பெட்டை, முட்டையிடத் தொடங்கும் இளம்பெட்டை விடைக்கோழி. சேவல் கூவும், முட்டையிட்ட கோழி கொக்கரிக்கும். பெண்கோழிக்கு ‘அளகு’ என்றும் ஒரு பெயர் உண்டெனத் தொல்காப்பியத்தின் மரபியல் கூறுகிறது. சோழர் தலைநகரான உறையூருக்கே ‘கோழி’ என்பது ஒரு பெயர். யானையைக் கோழி ஒன்று எதிர்த்து வென்ற இடம் அது என்பது பழங்கதை.

நான்காம் வாரத்தில் சாயம் பூசிய தூவி உதிர்ந்து வெள்ளை இறகு முளைத்தது. குஞ்சுகள் மொட்டைமாடிக்கு இடம்பெயர்ந்தன. பகலில் வானத்தில் வட்டமிடும் பருந்துகளுக்கு அஞ்சி மேலே வலை கட்டப்பட்டது. கீழிருந்து வரும் பகையை ஒருவரும் எண்ணவில்லை. ஓரிரவு பெருச்சாளி ஒன்று கூண்டின் மரச்சட்டத்தைக் கடித்து நுழைந்து ஒரு குஞ்சைக் கொண்டுபோயிற்று. அதன்பிறகே அப்பா அடிப்பக்கத்திலும் நெருங்கிய கண்களுடைய இரும்புவலை அடித்தார். உள்ளே ஓர் உருட்டுக்கழியும் வைக்கப்பட்டது; கோழி தரையில் உறங்குவதைவிடக் கிளையைப் பற்றி உறங்குவதையே விரும்பும்.

எஞ்சிய இரண்டையும் வெள்ளைக்கழிச்சலிலிருந்து காக்க வேண்டியிருந்தது. உத்தராகண்டிலுள்ள ஊரின் பெயரால் இராணிக்கேத் நோய் என்றும் வழங்கும் இது, ஒரு தெருவின் கோழிகள் அனைத்தையும் சில நாள்களில் அழிக்க வல்லது. இதற்கான தடுப்பு மருந்தைப் பொரித்த ஏழாம் நாளளவிலேயே கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுவர். ஆனால் ஒரு குப்பி மருந்து நூறு குஞ்சுகளுக்கும் மேல் போதுமானது. கரைத்த சில மணி நேரத்திற்குள் தீர்த்துவிடவும் வேண்டும். ஓரிரு கோழி வைத்திருப்போர் கால்நடை மருத்துவமனையில் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளைக் கேட்டறிந்து செல்வதே வழி. சிறுமியின் வீட்டார் காலந்தாழ்த்தியே சென்றனர். நோய் வராதது அவர்களது நற்பேறு.

மூன்றாம் மாதத்தில் இரண்டின் கொண்டையும் சிவந்து பருத்தன. இரண்டும் சேவல்கள். நான்காம் மாதத்தில் ஒருநாள் அதிகாலை மூன்றரை மணிக்கு முதற்கூவல் எழுந்தது. உடனே மற்றதும் கூவியது. கூண்டின்மேல் சாக்கைப் போர்த்தி இருட்டாக்கினாள் சிறுமி. பயனில்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒளி மாறாத அறையில் வைத்தாலும் சேவல் தன் உடலுக்குள் இயங்கும் கடிகாரத்தைக் கொண்டு விடியலை முன்னறிந்து கூவுகிறது. பல சேவல்கள் கூடியிருந்தால் அவற்றுள் தலைமைச் சேவலே முதலில் கூவும். மற்றவை அதன் பின்னரே கூவும் என்பதையும் அவர்கள் பின்னர்க் கண்டறிந்தனர்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு இளைஞர் வந்தார். “தவறாக நினைக்காதீர்கள், அம்மா. இரவுப்பணி முடிந்து நான் படுப்பதே மூன்று மணிக்கு” என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே அம்மாவுக்கு மறுமொழி சொல்ல இயலவில்லை. சேவல்களும் ஒன்றையொன்று கொத்திக் கொண்டையில் குருதி வழிய நின்றன. அவற்றுக்கு வேறு வீடு தேடியே ஆகவேண்டும்.

தெருவில் அவிழ்த்துவிட்டால் நாய்கள் கொன்றுவிடும். சேவற்சண்டைக்கு வாங்குவோர் கையில் கொடுப்பதும் தகாது. விலங்குகளைச் சண்டையிடத் தூண்டுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பாட்டி உறவினர்களைத் தொலைபேசியில் அழைத்தார். ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டவை ஒன்றே. எத்தனை பெட்டைகள் உள்ளன? ஏற்கெனவே சேவல் உண்டா? இரவில் அடைக்கக் கூண்டு இருக்கிறதா? இறுதியில், சிறுமி கேட்கத் தயங்கிய வினாவையும் கேட்டார்: “வளர்க்கவா, குழம்புக்கா?”

ஓசூரை அடுத்த சிற்றூரில் வாழும் பெரியம்மாவிடம் ஒன்பது பெட்டைகள் இருந்தன. சேவலை நாய் கடித்துவிட்டது. எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். சேவல் இல்லாவிடினும் கோழி முட்டையிடும், ஆனால் அம்முட்டை பொரிக்காது. பெரியம்மாவுக்குக் குஞ்சுகள் வேண்டும். எனவே அவர் ஒன்றை மகிழ்ந்து ஏற்றார். இரண்டாவது சேவலை எவரும் கேட்கவில்லை. தருமபுரியிலிருந்த மாமா மட்டும், “அனுப்புங்கள். ஆனால் என்னிடம் இரண்டு சேவல் இருக்கின்றன. ஊர்ப்பண்டிகை வந்தால் நான் உறுதி சொல்ல மாட்டேன்” என்றார்.

உண்மையை மறைக்காமல் சொன்னதற்காகப் பாட்டி அவரைப் பாராட்டினார். சிறுமி அன்று உண்ணவில்லை. எந்தச் சேவலை எங்கே அனுப்புவது என்பதை அவளிடமே விட்டனர். அவள் நெடுநேரம் கூண்டருகே அமர்ந்திருந்து, சண்டையில் தோற்று ஒதுங்கி நின்ற சேவலைப் பெரியம்மாவுக்கென்று காட்டினாள்.

கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கோழியைக் கொண்டுசெல்வது பலர் வழக்கம்; அது பறவைக்கு மூச்சுத் திணறலையும் காயத்தையும் தரும். வெயில் தாழ்ந்தபின், துளையிட்ட அட்டைப்பெட்டியில் உமி பரப்பிச் சேவலை வைத்தனர். கர்நாடக அரசுப் பேருந்தில் பறவைக்கும் கட்டணம் உண்டு. 2024ஆம் ஆண்டு மார்ச்சில் பெங்களூருவிலிருந்து மைசூருவுக்கு நான்கு காதற்பறவைகளுடன் சென்ற பாட்டியும் பேத்தியும் அவற்றுக்கு மட்டும் 444 ரூபாய்க்குச் சீட்டு வாங்க நேர்ந்தது செய்தியாயிற்று. ஓசூர் 40 கிலோமீட்டர்தான்.

பெரியம்மா புதிய சேவலை உடனே பெட்டைகளோடு விடவில்லை. ஒரு மாதம் தனிக்கூண்டில் வைத்தார். புதுவரவோடு நோய் நுழையலாம் என்னும் அச்சம் வீணானதன்று. பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் 2012ஆம் ஆண்டு பறவைக்காய்ச்சல் கண்டபோது, மைய அரசின் கோழிப்பண்ணையிலேயே பல்லாயிரம் பறவைகளை அழிக்க நேர்ந்தது. பிறகு ஒரு வாரம் வலைக்கு இப்புறம் சேவல், அப்புறம் பெட்டைகள். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. சிறுவயது முதலே கோழிகளை உற்றுநோக்கிக் குறிப்பெடுத்த நார்வே நாட்டவரான ஷெல்டெருப் எப்பே அவ்வரிசையை 1921ஆம் ஆண்டளவில் ஆய்வாக எழுதினார். புதிய பறவை வந்தால் வரிசை மாறும். வலை வழியே பார்த்துப் பழகினால் கொத்தும் குருதியும் குறையும்.

இரண்டு திங்கள் கழித்துப் பெரியம்மா அழைத்தார். நாட்டுக்கோழி ஒன்று அடைகாத்துப் பதினொரு குஞ்சுகள் பொரித்திருந்தன.

“எத்தனை சேவல், பெரியம்மா?” என்று சிறுமி கேட்டாள்.

“இப்போதே எப்படிச் சொல்வது? கொண்டை சிவக்கட்டும்.”

மாமாவின் ஊரில் பண்டிகை சித்திரையில் முடிந்துவிட்டது. அச்சேவலைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பயிற்சி

1. மரபுச்சொல்லால் நிரப்புக: சேவல் ………. ; முட்டையிட்ட கோழி ………. .

2. கோழி, கோளி ஆகிய சொற்களை உரக்கப் படித்துக் காட்டுக. உன் வீட்டில் வழங்கும் ழகரச் சொற்கள் ஐந்தினை எழுதுக.

3. கூண்டைச் சாக்கால் மூடியும் சேவல் கூவியது ஏன்?

4. ஒதுங்கி நின்ற சேவலைச் சிறுமி பெரியம்மாவுக்கென்று காட்டியது ஏன்? நீ அவ்விடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்? பத்து வரிகளில் எழுதுக.