புறவழிச்சாலை

ஊருக்குள் நுழையாமல் ஊரின் புறத்தே செல்லும் வழி புறவழிச்சாலை ஆகும். கழக்கூட்டத்திலிருந்து கோவளம் வழியாகத் தமிழக எல்லையை அடுத்த காரோடு வரை அத்தகைய சாலை அமைந்துள்ளது. முக்கோலா முதல் காரோடு வரையுள்ள ஏறத்தாழ 16 கிலோமீட்டர் கான்கிரீட்டால் ஆனது.

நாகர்கோவிலிலிருந்து வரும் தொலைதூர வண்டிகள் இனிப் பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை ஊர்களின் நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. எனவே, சாலைத் திறப்பு ஊருக்கு விழாவாகும். ஆயினும், பழைய சாலையோரக் கடைகள் பல வழிப்போக்கரை நம்பி வாழ்பவை. வண்டிகள் விலகினால் வாணிகம் குறையும். மகிழும் ஊர் அவர்களையும் எண்ணுதல் வேண்டும்.

பயிற்சி
1. பிரித்து எழுதுக: சாலையோரம்.
2. பழைய சாலையோரக் கடைக்காரர் திறப்பு விழாவில் பேசினால் என்ன கூறுவார்? ஐந்து வரிகளில் எழுதுக.